மயிலம்மாள் எடுத்த சாரம்

மந்தின் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் கள்ளத்தனமாகச் சம்சுச் சாராயம் விற்றவர்களுக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவர் போலீஸ்காரர். அவர் வரும் நாள் எப்படியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்னொருவர் பால்வெட்டுக்காரி மயிலம்மாள். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. சம்பளத்தன்று சாயங்காலம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாலு பேர் குந்தியிருந்தால் போதும், பால் வாளியோடு வந்து சட்டி, பானை, போத்தல் எதையும் பார்க்காமல் உடைத்துவிட்டுப் போவார். குடித்துக்கொண்டிருந்தவர்களில் அவருடைய புருஷன் வீரமுத்துவும் இருப்பார், பிற்பாடு வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஆன இராஜமாணிக்கமும் இருப்பார். இருவருக்கும் ஒரே மரியாதைதான் நடந்தது.

வீரமுத்து மாமா குடியை விட்டது மனைவிக்குப் பயந்தா, குடல் கெட்டதாலா என்று கேட்டால், "ரெண்டும் ஒரே வருஷத்துல வந்துச்சு லா" என்பார். விட்டபிறகு மைலோ பானத்தில் விழுந்தார். நாளைக்கு நாலு மங்கு மைலோ இல்லாமல் அவருக்குக் கை நடுங்கும். அக்கா அதையும் உடைக்கவில்லையே என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவது சொந்தத்தால் அல்ல. பக்கத்து லயத்தில் பிறந்தவன் நான், பெயர் தங்கராஜு. எதையும் ஒழுங்காகச் செய்யாதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. மயிலம்மாக்கா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, கூழ்ப் பானையைத் தொடுகிற கையில் குடியின் வாசம்கூடப் பட்டிருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் விரதம் இருந்தால் போதும். எங்கள் தோட்டத்தில் மட்டும் இது ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒரு வருஷம் கூழ் காய்ச்சியவளின் புருஷன் போதையில் பானையைக் கவிழ்த்துவிட்டு, தோட்டமே பட்டினியாக வீடு திரும்பியதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து சுத்தக் கை தேடினார்கள். தேடத் தேட ஒரே கைதான் கிடைத்தது. வருஷா வருஷம் மயிலம்மாக்காதான் கூழ் காய்ச்சினார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நகை என்று காதில் கிடந்ததைத் தவிர வேறில்லை. தோட்டத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி வீட்டு அம்மாள் முதற்கொண்டு எல்லாரும் அவர் முன்னால் சொம்போடு வரிசையில் நிற்பார்கள். அந்த நாளுக்காகத்தான் அவர் மற்ற நாட்களை எல்லாம் பொறுத்துக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், வெட்கப்படாமல்.

எண்பதுகளின் பாதியில் எங்கள் தோட்டத்துப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். குலை வெட்டுவது ஆம்பளை வேலை. பெண்களுக்கு மிச்சம் இருந்தது மருந்து அடிக்கும் வேலைதான். முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு அடித்து, சாயங்காலம் கண் எரிய வீடு திரும்புவது. ஒரு வருஷம் அடித்துப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க கம்பெனில எதாச்சும் வேல இருக்கா? கூட்டுற வேலயா இருந்தாலும் சரி."

"அக்கா, எங்க கம்பெனி என்ன கம்பெனின்னு தெரியும்ல?"

நான் அப்போது சிரம்பான் போகும் சாலையில் இருந்த ஒரு சாராயத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி. அரிசியையும் சோளத்தையும் வேகவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிற இடம்.

"அந்தப் பக்கம் போவாம வேற பக்கம் எதாச்சும் இருக்கான்னு பாரு," என்றார் அக்கா.

வேறு பக்கம் ஒன்று இருக்கத்தான் செய்தது. சாராயம் வடித்தபிறகு அடியில் நிற்கிற தானியச் சக்கை எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒரு நாள் வைத்திருந்தால் புளித்து நாறும். பன்றிப் பண்ணைக்காரர்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் வராத நாளில் அக்கம்பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தார் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சக்கையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று எங்கள் கெமிஸ்ட் கண்ணப்பன் முதலாளியைப் பிடித்துக் கெஞ்சி, பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை வாங்கியிருந்தார். கண்ணப்பன் சிரம்பானில் வட்டிக்கடை நடத்திய செட்டியார் வீட்டுப் பிள்ளை. மகன் சாராயக் கம்பெனியில் இருக்கிறான் என்பதை வீட்டார் வெளியே சொல்வதில்லை. யாராவது கேட்டால், "மருந்து கம்பெனி" என்பார்களாம். அவருக்குக் கிளறுவதற்கும் பிழிவதற்கும் ஆள் தேவைப்பட்டது. மயிலம்மாக்காவை அழைத்துப்போய் விட்டேன்.

கண்ணப்பனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். படித்தவர்களில் பாதிப் பேர் நம்மிடம் பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அவர் அப்படி இல்லை. முதல் நாளே அக்காவை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"அம்மா, அரிசியில மாவுச்சத்து இருக்கு, புரதம் இருக்கு. சாராயம் மாவுச்சத்தை மட்டும்தான் எடுத்துக்கிட்டுப் போகுது. புரதம் அப்படியே சக்கையில தங்கிடும். ஆனா வெந்து இறுகிப்போய் உமியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். வெறும் தண்ணியில கரையாது."

"அப்ப?"

"சவுக்காரம் போட்டாத்தான் கரையும்."

சவுக்காரம் என்று அவர் சொன்னது துணி துவைக்கிற கட்டி அல்ல, அந்த ஜாதியைச் சேர்ந்த ஒரு வெள்ளைத் தூள். அதற்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், இன்னொரு முனை எண்ணெயோடு சேரும். எண்ணெய்ச் சட்டியில் சவுக்காரம் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைப் புரதத்திடமும் செய்கிறது. ஒரு முனையால் அதைப் பற்றிக்கொண்டு, மறு முனையால் தண்ணீருக்குள் இழுத்துவந்துவிடுகிறது. அக்கா இதைக் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடம் போவாத புள்ளைய கையப் புடிச்சு இழுத்தாற மாரி," என்றார். கண்ணப்பனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிறகு முதலாளிக்கு விளக்கும்போது அவரும் அதையேதான் சொன்னார், ஆங்கிலத்தில்.

வேலை இதுதான். காய்ந்த சக்கையை அரைத்து, வெந்நீரில் அந்தத் தூளைக் கலந்து, பெரிய அண்டாவில் போட்டு மரத்துடுப்பால் கிளறவேண்டும். பிறகு துணியில் கட்டிப் பிழிந்து, வடிந்த தண்ணீரை ஆறவைத்து, அதில் கடுமையான சாராய ஸ்பிரிட்டை ஊற்றவேண்டும். ஊற்றினால் பால் திரிந்தது போல வெள்ளைவெள்ளையாகத் திரண்டு அடியில் படியும். அதுதான் புரதம். சவுக்காரம் மேலே ஸ்பிரிட்டோடு போய்விடும். படிந்ததைத் திரும்பவும் ஸ்பிரிட்டில் அலசி, தட்டில் பரப்பிக் காயவைத்தால் சந்தன நிறத்தில் ஒரு மாவு.

முதல் சில வாரங்கள் மாவு கைப்பிடி அளவுக்கு மேல் வரவில்லை. கண்ணப்பன் கணக்குப் போட்டதில் பாதிகூட இல்லை. தூள் கலப்படம் என்று விற்றவனிடம் சண்டை போட்டார். தண்ணீர் சரியில்லை என்று மாற்றினார். தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு என்னிடம் புதிது கேட்டு வாங்கினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை, ஒவ்வொன்றுக்கும் நான்தானே கையெழுத்து வாங்கவேண்டும்.

ஒரு நாள் மதியம் அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது அக்கா அண்டாவில் பொங்கிய நுரையை எல்லாம் கரண்டியால் வழித்து வழித்து வெளியே வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தார். வாளி வாளியாக.

"என்னம்மா பண்றீங்க?"

"அழுக்கு எடுக்குறேன் ஐயா. தெனமும் எடுக்குறதுதான். வெல்லப்பாகு காய்ச்சுறப்ப பொங்குற அழுக்க வழிச்சு ஊத்துவோம்ல?"

வெல்லப்பாகில் நுரை அழுக்குதான். இந்த அண்டாவில் புரதமும் சவுக்காரமும் கைகோத்துக்கொண்டு மேலே வந்து நிற்கிற இடமே அந்த நுரை. பாதி விளைச்சலை அக்கா மிகச் சுத்தமாக, ஒரு துளி விடாமல், வடிகாலுக்கு வார்த்திருக்கிறார். கண்ணப்பன் கவிழ்த்துவைத்த தகரத்தின்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நுரையை எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லவே இல்லையே," என்றார். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. அந்த வடிகால் ஓரம் வளர்ந்த கங்கோங் கீரை கொழுத்து மண்டிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்குப் பிறகு மாவு வந்தது. சாப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று கண்ணப்பன் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். வாயில் வைத்தேன், குளிக்கும்போது சவுக்காரம் நாக்கில் பட்ட அதே ருசி. அக்கா மரியாதைக்காக விழுங்கினார். ஸ்பிரிட்டில் இன்னும் இன்னும் அலசினால் அது போகும் என்று கண்ணப்பன் சொன்னார், அலச அலசக் குறையத்தான் செய்தது. மனுஷன் சாப்பிடுகிற பதம் வர இன்னும் காலம் ஆகும், அதுவரை மீனுக்காவது ஆகட்டும் என்று லிங்கி ஊரில் மீன்குளம் வைத்திருந்த ஒருவருக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். மீன்கள் புகார் சொல்லவில்லை.

அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நிழல், உட்கார ஸ்டூல், மரியாதையாகப் பேசும் மேலதிகாரி, இவை எல்லாம் உண்டு. அவற்றைவிட வேறொன்று இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் கம்பெனி வேனில் வரும்போது தானாகச் சொன்னார்.

"குடி எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் போவும்னு நெனச்சிருந்தேன் தம்பி. ஒண்ண மிச்சம் வெச்சிட்டுப் போவுதுன்னு இப்பத்தான் தெரியுது. அத எடுக்குறது எனக்குச் சந்தோசமா இருக்கு."

எனக்கு என் ஸ்டோர் வேலையில் அப்படிச் சந்தோஷப்பட எதுவும் இருந்ததில்லை என்பதால் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இனி தலைப்பில் இருக்கும் அந்த வார்த்தைக்கு வருகிறேன். கண்ணப்பன் வீட்டில் நல்ல தமிழ் பேசுகிறவர்கள். அந்த மாவுக்கு அவர் வைத்த பெயர் புரதச் சாரம். அக்காவுக்குப் புரதம் வாயில் நுழையவில்லை, சாரம் நுழைந்தது. தண்ணீர்க் குழாயடியில் லயத்துக்காரி முத்தாயி அவரைக் கேட்டிருக்கிறாள், "அங்க போயி என்னதாங்கா செய்ற?" என்று. அக்கா பெருமையாகச் சொன்னார், "சாரம் எடுக்குறேன்."

எங்கள் தோட்டத்தில் சாராயத்தைச் சாராயம் என்று முழுசாகச் சொல்கிற ஆள் கிடையாது. அவசரத்தில் எல்லாருக்கும் சாராம்தான். முத்தாயிக்கு ஒரு துணைக்கால் கூடுதலாகக் கேட்டது. அவளைக் குற்றம் சொல்லமுடியாது, சாராயக் கம்பெனிக்குப் போகிறவள் சாராயம் எடுக்காமல் வேறு என்னத்தை எடுப்பாள். அதற்கேற்றாற்போல அக்காவின் சேலையில் ஸ்பிரிட் வாசம். நாள் முழுக்க அதில் அலசுகிறவர் மேல் மல்லிகையா மணக்கும்? வீரமுத்து மாமாவே முதல் வாரம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "நான் விட்டத நீ ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தோட்டத்துக்குச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு பொடியன்கள் வெறும் போத்தலோடு அக்கா வீட்டு வாசலுக்கே வந்து, "அக்கா, தீவாளிக்கு கொஞ்சம் சாராம் கெடைக்குமா?" என்று பணிவாகக் கேட்டார்கள். அவர்கள் ஓடிய ஓட்டத்தில் ஒருத்தனின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. மாமா அதை எடுத்துக் கூரையில் சொருகி வைத்தார், பார்க்கிறவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆடி நெருங்கும்வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. தலைவர், அதே இராஜமாணிக்கம். இப்போது நெற்றி நிறைய விபூதி, மண்டோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு, பழைய குடியைப் பற்றி யாரும் பேசக்கூடாது. நானும் கமிட்டியில் இருந்தேன். எதற்கு இருந்தேன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் என்னையே கேட்டுக்கொள்வேன்.

"மயிலம்மா," என்றார் தலைவர், "ஒன்மேல யாருக்கும் கோவம் இல்ல. ஆனா நீ சாராயம் எடுக்குறதா தோட்டம் பூரா பேச்சு. கூழுப் பானைய தொடுற கையி. நீயே சொல்லு."

அக்கா வாய் திறக்குமுன் நான் எழுந்தேன். சாரம் வேறு, சாராயம் வேறு என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு துணைக்கால் எப்படி வந்து விழுந்தது என்பதை மண்டபத்துத் தரையில் கரித்துண்டால் எழுதியே காட்டினேன். முத்தாயி முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் நிம்மதியாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் முடிந்த மாதிரிதான். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அப்போது மயிலம்மாக்கா எழுந்து நின்றார்.

"தம்பி சொன்னது சரி. நான் எடுக்குறது சாரம்தான். ஆனா அத தெரள வெக்கிறதுக்கு ஊத்துறது சாராயந்தான். நல்ல காட்டம். நாலு தடவ, அஞ்சு தடவ அதுல கையால அலசுறேன். அலசலன்னா சவுக்காரம் போவாது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முடிந்த கதையை எதற்கு இந்த மனுஷி திரும்பத் தோண்டுகிறார்?

"அக்கா, யாரும் அதக் கேக்கலியே," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாசம் படக்கூடாதுன்னுதானய்யா வழக்கம். என் கையில வாசம் இருக்கு. ஆத்தாவுக்கு மூக்கு இல்லையா?" என்றார். தலை குனியவில்லை.

தலைவருக்கு வேறு வழி இல்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. எந்தக் கை தன் சம்சுப் பானையை உடைத்ததோ அந்தக் கையையே தள்ளிவைக்கிற நிலைமை அவருக்கு. "அந்த வேலய விட்டுட்டா நீயே காய்ச்சலாம். விடலன்னா இந்த வருசம் ராக்கம்மா காய்ச்சட்டும். ஒன் முடிவுதான்," என்றார். ராக்கம்மா செம்பனை லாரி ஓட்டுகிறவரின் மனைவி, வயதில் சின்னவள். தன் பெயரைக் கேட்டதும் பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து அக்காவோடு நடந்தேன். வீட்டு வாசலில் நின்று, "வயிறு எரியுது தம்பி," என்றார். "அந்தப் பானைய இன்னொருத்தி தொடுறத நெனச்சா வயிறு எரியுது. பொய் சொல்லி வெச்சுக்கிட்டா கூழு தொண்டையில எறங்காது. நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்து நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு நாளுக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்கிறவர் அல்லவா? சாப்பாட்டுத் தூக்கோடு வந்து ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"என்ன என்ன? அண்டாவுல சனிக்கெழம ஊறப்போட்டது கெடக்கு. அப்புடியே வுட்டா நாறிடும்ல," என்றார்.

கண்ணப்பனிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு, "என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சும்மா," என்றார். "ஒங்க வீட்டுலயே மருந்து கம்பெனின்னு சொல்லிட்டிருக்காங்க, எங்க வீட்டுல நான் உள்ளதச் சொன்னேன், அவ்வளவுதான் ஐயா," என்று அக்கா துடுப்பைக் கையில் எடுத்தார். கண்ணப்பன் அன்று மாலை வீட்டில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. மறு வாரம் அவருடைய அப்பா வெள்ளை வேட்டியோடு வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாவை முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். மகன் அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

ஆடி வந்தது. கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, ராக்கம்மா பானை ஏற்றினாள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் வெந்ததும் ஊற்றிக் கிளறினாள். மயிலம்மாக்கா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, மாமாவோடு வந்து அம்மனைக் கும்பிட்டார். அதன்பிறகு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். அங்கே போகக்கூடாது. பந்தலில் உட்காரவும் பிடிக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார், பிறகு எடுத்துவிட்டார். என்னால் பார்க்க முடியவில்லை. கமிட்டிக்காரன் என்று மார்பில் பூ குத்திக்கொண்டு நிற்பதற்கே வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்து கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். வரிசை கோயில் வாசல்வரை நீண்டது. மாமா எங்கிருந்தோ ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுக்க, அக்கா வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து, "நீ முன்னால வாக்கா," என்று வழி விட்டார்கள். அவர் அசையவில்லை. மெல்ல மெல்ல நகர்ந்து, ராக்கம்மாவுக்கு எதிரே வந்து சேர்ந்தார். ராக்கம்மா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ஊத்து புள்ள. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்றார் அக்கா.

வெங்காயமும் வறுத்த நெத்திலியும் இலைத் துண்டில் வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் நின்று குடித்தார். ஒரு வாய். நிறுத்தினார். இன்னொரு வாய். கூழில் அங்கங்கே கட்டி இருந்தது, நானும் குடித்தேன், எனக்குத் தெரியும். பக்கத்தில் போனேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அழுவாதீங்கக்கா. நான் அந்தக் கமிட்டிய வுட்டு வெளிய வந்துர்றேன்," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"யாரு அழுவுறா? சுடுது," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊத்துறவ கடைசியாத்தான் குடிக்கணும் தம்பி. எல்லாரும் போனப்பறம் பானையில ஒட்டுனத வழிச்சு, ஆறிப்போனதத்தான் இத்தன வருசமும் குடிச்சிருக்கேன். ஆத்தாவோட கூழு இப்புடிச் சுடச்சுட இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அதற்குள் இராஜமாணிக்கம் மண்டோர் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கூழில் கட்டி என்று அவரிடம் யாரோ முணுமுணுத்திருக்கவேண்டும். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். அக்கா முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மயிலம்மா, மனசுல வெச்சுக்காத. வர்ற வருசம் கமிட்டில பேசி, அந்த வழக்கத்த எப்புடியாச்சும் மாத்தி, நீயே காய்ச்சுற மாரி நான் பாத்துக்குறேன்."

அக்கா சொம்பில் இருந்ததைக் கடைசிவரை குடித்து முடித்தார். பிறகு வெறும் சொம்பை அவர் கையில் கொடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் மண்டோரே. ஆறிடறதுக்குள்ள இன்னொரு சொம்பு வாங்கிட்டு வாங்க."